பீலிக்கரைச் சீயக்காய்

1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட கதை எல்லோருக்கும் தெரியும். தோட்ட வேலைக்காகக் கண்டிச் சீமைக்கு வந்த நம் சனம் தலைப்பிசுக்கை எப்படிப் போக்கியது என்று எழுதுவோர்தான் குறைவு.

எங்கள் அம்மாயி ஞாயிற்றுக்கிழமைகளில் வடிகஞ்சியில் சீயக்காய்த் தூளைக் குழைப்பார். தூள் தீர்ந்துவிட்டால் செவ்வரத்தை இலைதான். மலைநீர் கொட்டும் பீலிக்கரைக் கல்லில் வைத்துக் கசக்கினால் பச்சையாகக் கொழகொழத்து வரும். உச்சியிலிருந்து நுனிவரை தேய்த்து, குளிர்ந்த பீலித் தண்ணீரில் தலையை நீட்டினால் எண்ணெய் வழுக்கிக்கொண்டு ஓடும். சீயக்காய் கண்ணில் பட்டு அழுதால் இரக்கமே காட்டமாட்டார்!

சிங்கள வீடுகளில் இதே வேலைக்கு மூலிகைக் கலவையான ‘நானு’ உண்டு. கண்டித் தலதா மாளிகையிலும் புதன்கிழமைகளில் ‘நானுமுர மங்கல்ய’ என்ற நறுமண நீராட்டுச் சடங்கு நடக்கிறது. அந்த நீரைப் பக்தர்கள் வாங்கிச் செல்கிறார்கள்.

பிறகு ஷாம்பு பாக்கெட் வந்தது. வசதிதான், மறுக்கவில்லை. பழைய முறைக்குத் திரும்பி, பிசுக்குப் போகத் தேசிக்காயும் தேய்க்கிறவர்கள் அதன் சாற்றை மட்டும் அப்படியே தேய்க்காதீர்கள். தண்ணீர் கலந்து தேய்த்து, வெயிலில் இறங்குமுன் நன்றாக அலசிவிடுங்கள்.