தஞ்சாவூர் ரெசிடெண்ட்

தஞ்சாவூர் ரெசிடெண்ட் என்பது தஞ்சாவூர் மராட்டிய மன்னரின் அவையில் பிரித்தானியக் கிழக்கிந்தியக் கம்பனியின் சார்பாளராகத் தங்கியிருந்த அதிகாரியின் பதவி ஆகும். ஐதராபாத், மைசூர், திருவிதாங்கூர் ஆகிய அரசுகளிலும் இத்தகைய ரெசிடெண்டுகள் இருந்தனர்.

தோற்றம்

1773 இல் ஆற்காடு நவாப் முகமது அலியின் பொருட்டுக் கம்பனிப் படை தஞ்சாவூரைக் கைப்பற்றியது. இதனை ஏற்காத இலண்டன் இயக்குநர்கள் நாட்டை மன்னரிடம் திருப்பி அளிக்க ஆணையிட்டனர். அதன்படி 1776 ஏப்ரலில் சென்னை ஆளுநர் பிகட் பிரபு, துளஜாவை மீண்டும் அரியணையில் அமர்த்தினார்.

அப்போது பால் பென்பீல்டு என்னும் கம்பனி ஊழியர், நவாபிடமிருந்து 1,62,000 பவுனும், தஞ்சை நாட்டாரிடமிருந்து 72,000 பவுனும் தமக்கு வரவேண்டும் என்றார். இவற்றுக்கு ஈடாகத் தஞ்சை வயல்களின் விளைச்சல் மீது உரிமை கோரினார். பிகட் இதனை எதிர்த்தார். கிளாட் ரசலை ரெசிடெண்டாக அனுப்ப அவர் விரும்பினார். ஆலோசனை அவையின் பெரும்பான்மையினரோ கர்னல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டை அங்குள்ள படைக்குத் தலைவராக அனுப்ப முனைந்தனர். பூசல் முற்றி, 1776 ஆகஸ்ட் 24 அன்று ஆளுநரே சிறைப்பிடிக்கப்பட்டார். 1777 மே மாதத்தில் அவர் காவலிலேயே இறந்தார்.

1799 உடன்படிக்கை

1798 இல் அமர்சிங் நீக்கப்பட்டு இரண்டாம் சரபோஜி மன்னரானார். 1799 அக்டோபர் 25 ஆம் நாள் உடன்படிக்கையால் கொள்ளிடக் கரை முதல் கோடியக்கரை வரையிலான நாட்டின் ஆட்சி கம்பனிக்குச் சென்றது. தஞ்சைக் கோட்டையும் அதன் சுற்றுப்புறமும் மட்டுமே மன்னரிடம் எஞ்சின. அவருக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் நட்சத்திர வராகனும், நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும் உறுதி செய்யப்பட்டன.

வரித்தண்டலைக் கலெக்டர் ஏற்றதால் ரெசிடெண்டின் பணி அரண்மனையைச் சார்ந்ததாகச் சுருங்கியது. மன்னருக்கும் சென்னை அரசுக்கும் இடையிலான தொடர்பு அவர் வழியாக நடைபெற்றது. 1801 முதல் 1823 வரை இப்பதவியை வகித்த வில்லியம் பிளாக்பர்ன், 1807 இல் புதுக்கோட்டைத் தொண்டைமான் சிறுவராக இருந்தமையால் அந்நாட்டின் நிருவாகத்தையும் கவனித்தார்.

முடிவு

1832 இல் சரபோஜி காலமானபின் அவர் மகன் இரண்டாம் சிவாஜி பட்டமேற்றார். அவர் 1855 அக்டோபர் 29 அன்று ஆண் வாரிசின்றி இறந்தார். அரச பட்டம் முடிவுற்றதாகக் கம்பனி அறிவித்தது. ரெசிடெண்ட் பொறுப்பிலிருந்த ஹென்றி போர்ப்ஸ் ஆணையராக நியமிக்கப்பட்டு, 1856 இல் படைக்காவலுடன் அரண்மனைச் சொத்துக்களைக் கையகப்படுத்தினார். மூத்த அரசி காமாட்சிபாய் தொடுத்த வழக்கில் சென்னை உச்ச நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஆனால் 1859 இல் இலண்டன் பிரிவி கவுன்சில், இது அரசின் செயல் என்றும், நீதிமன்றங்கள் இதனை விசாரிக்க இயலாது என்றும் கூறி அத்தீர்ப்பை மாற்றியது. 1862 இல் சென்னை அரசு நிலங்களை அரசியருக்கு அருட்கொடையாகத் திருப்பி அளித்தது. மன்னரின் அவை மறைந்தமையால் ரெசிடெண்ட் பதவியும் தேவையற்றுப் போனது.