பன்றி வங்கியும் பசியின் அரசியலும்

சிறு விவசாயிகளின் பசியைப் போக்க என்ன வழி என்று கேட்டால், அரசுத் திட்டமானாலும் தொண்டு நிறுவன அறிக்கையானாலும் இரண்டு பதில்கள் தயாராக இருக்கும்: கடன் கொடு, பயிற்சி கொடு. இரண்டும் தேவைதான். ஆனால் அந்தக் கடன் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுகிறவர் யார், கற்றுக்கொண்ட பயிற்சி யாருடைய நிலத்தில் பயன்படப் போகிறது என்ற கேள்விகள் அறிக்கையில் வருவதில்லை. இயக்கத்துக்குப் புதிதாக வரும் தம்பி தங்கைகளோடு இதைப் பேசும்போதெல்லாம் நான் எடுத்துச் சொல்வது அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் ஃபேனி லூ ஹேமர் என்ற கறுப்பினப் பெண் கட்டிய பண்ணையின் வரலாற்றை. அந்தப் பண்ணை எழுந்த விதமும் விழுந்த விதமும் நமக்குப் பாடம்.

கிடைக்காமல் போன 40 ஏக்கர்

அமெரிக்க உள்நாட்டுப் போர் முடியும் தறுவாயில், 1865 ஜனவரியில், தளபதி ஷெர்மன் ஓர் ஆணை பிறப்பித்தார். தென்கிழக்குக் கடற்கரை ஓரமாக முதலாளிகள் விட்டு ஓடிய நிலத்தை, விடுதலையான அடிமைகளுக்குக் குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை பிரித்துத் தரும் ஆணை அது. சுமார் 40,000 பேர் அந்த மண்ணில் குடியேறினார்கள். அதே ஆண்டு முடிவதற்குள் குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜான்சன் பெரும்பகுதி நிலத்தைப் பழைய பண்ணையார்களுக்கே திருப்பிக் கொடுத்தார்.

செங்கல்பட்டு ஆட்சியர் திரெமென்ஹீரின் 1891 அறிக்கையையும், அதைத் தொடர்ந்த 1892 அரசாணையையும், அதன்படி கொடுத்த பஞ்சமி நிலம் பின்னர் யார் யார் கைக்குப் போனது என்பதையும் அறிந்தவர்களுக்கு இது புதிய கதையாகத் தெரியாது. காகிதத்தில் கொடுப்பது ஒன்று, கையில் நிலைக்க விடுவது வேறொன்று.

நிலம் கிடைக்காதவர்கள் வாரத்துக்கு உழுதார்கள். நிலம் பண்ணையாருடையது. விதை, உரம், சாப்பாட்டு மாவு எல்லாம் பண்ணையாரின் கடையில் கடனுக்கு. கணக்கு எழுதுவதும் பண்ணையார்தான். ஆண்டு முடிவில் பருத்தி எடை போட்டுக் கணக்குப் பார்த்தால் உழுதவர் கையில் மிஞ்சுவது அடுத்த ஆண்டுக்கான கடன். ஆக, அந்த மக்களுக்குக் கடனே கிடைக்கவில்லை என்று சொல்ல முடியாது. பிறந்ததிலிருந்து சாகும்வரை கடனிலேதான் இருந்தார்கள்.

ஹேமர் 1917 அக்டோபர் 6 அன்று இப்படி ஒரு வாரக் குடும்பத்தில் 20ஆவது குழந்தையாகப் பிறந்தார். ஆறு வயதில் பருத்தி பொறுக்கத் தொடங்கினார். ஓர் ஆண்டு குடும்பமே உயிரைக் கொடுத்து உழைத்துச் சேர்த்த பணத்தில் அப்பா கோவேறு கழுதைகளும் மாடுகளும் ஏர்க்கருவிகளும் வாங்கினார். சொந்தமாக உழலாம் என்று கனவு. ஒருநாள் இரவு வெள்ளையர் ஒருவர் தீவனத் தொட்டியில் விஷம் கலந்தார். கால்நடைகள் செத்தன. குடும்பம் மறுபடி வாரத்துக்கே போனது. ஒடுக்கப்பட்டவர் காலூன்றும் அந்த நொடியில் விழும் அடி எப்படிப்பட்டது என்பதை நம் சேரிகளில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

அறிவுக்குப் பஞ்சமில்லை

கறுப்பின மக்களுக்கு விவசாயம் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாததால்தான் வறுமை என்று ஒரு பேச்சு உண்டு. வரலாறு அதை மறுக்கிறது. அலபாமா மாநிலத்தில் 1881இல் தொடங்கிய டஸ்கீகி கல்வி நிலையத்துக்கு 1896இல் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் வந்தார். அடிமைக் குடும்பத்தில் பிறந்து அறிவியலாளர் ஆனவர். பருத்தியே பருத்தியாகப் போட்டுச் செத்துக்கிடந்த மண்ணுக்கு நிலக்கடலை, தட்டைப்பயறு, சர்க்கரைவள்ளி போட்டு உயிர் கொடுக்கலாம் என்று சொல்லிக்கொடுத்தார். 1906இல் டஸ்கீகி ஒரு குதிரை வண்டியில் கருவிகளையும் விதைகளையும் ஏற்றிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போய் வயலிலேயே பாடம் நடத்தியது. நடமாடும் வேளாண் பள்ளி!

ஆனால் வாரத்துக்கு உழுகிறவர் என்ன பயிர் போடுவது என்பதைப் பண்ணையார் தீர்மானித்தார். சாப்பிடக் காய்கறி போடலாம் என்று கற்றுக்கொண்டாலும் வீட்டு வாசல்வரை பருத்தி போடச் சொன்னால் என்ன செய்வது? 1914இல் அரசு வேளாண் விரிவாக்கப் பணிக்குச் சட்டம் கொண்டுவந்தபோது தென்மாநிலங்களில் அந்தப் பணம் வெள்ளையர் கல்லூரிகளின் கைக்குப் போனது. கறுப்பின அலுவலர்களுக்குக் கிடைத்தது மிச்சம் மீதி. நிலத்தின் மீது உரிமை இல்லாதவருக்குக் கொடுக்கும் பயிற்சி பாதி வழியில் நின்றுவிடுகிறது.

பசி ஓர் ஆயுதம்

1962 ஆகஸ்ட் 31 அன்று ஹேமர் உள்பட 18 பேர் ரூல்வில் ஊரிலிருந்து பேருந்தில் ஏறி, சன்ஃப்ளவர் மாவட்டத் தலைநகரான இந்தியனோலாவுக்கு வாக்காளராகப் பதிவு செய்யப் போனார்கள். திரும்பி வந்த அன்றே, 18 ஆண்டுகள் வேலை செய்த பண்ணையிலிருந்து ஹேமர் வெளியேற்றப்பட்டார். வேலையும் வீடும் ஒன்றாகப் போயின. அடுத்த ஆண்டு ஜூனில் வினோனா ஊர்ச் சிறையில் அவரை அடித்த அடியின் காயம் சாகும்வரை அவரை விடவில்லை.

அந்த 1962 குளிர்காலத்தில் பக்கத்து லெஃப்ளோர் மாவட்ட நிர்வாகம் வேறொரு வேலை செய்தது. நடுவண் அரசு இலவசமாகத் தந்த உணவுப் பொருள் விநியோகத்தை நிறுத்தியது. வாக்குரிமை கேட்டதற்குப் பதிலடி. வேலை இல்லாத பனிக்காலத்தில் அந்த மாவையும் அரிசியையும் நம்பியிருந்த 20,000க்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் கறுப்பினத்தவர், பட்டினியில் தள்ளப்பட்டனர். மாணவர் இயக்கம் வடமாநிலங்களில் உணவு திரட்டி லாரிகளில் கொண்டுவந்தது.

இந்த ஆயுதத்தை நாமும் அறிவோம். பம்பாய் மாகாண அரசு 1928இல் அமைத்த ஸ்டார்ட் குழுவில் அண்ணல் அம்பேத்கர் உறுப்பினர். 1930இல் வந்த அதன் அறிக்கை, தீண்டப்படாதார் உரிமை கேட்டால் ஊர் அவர்களை விலக்கிவைக்கிறது, கூலி வேலை கிடையாது, கடையில் சாமான் கிடையாது, நடக்கப் பாதை கிடையாது என்று பதிவு செய்தது. அடிதடியைவிட இந்த விலக்கம் கொடுமையானது, ஏனென்றால் அடுப்பை அணைத்துவிடுகிறது.

மிசிசிப்பியில் 1967 பிப்ரவரி முதல் பண்ணைத் தொழிலாளருக்கும் மணிக்கு ஒரு டாலர் குறைந்தபட்சக் கூலி வந்தது. பண்ணையார்கள் ஆட்களை விட்டுவிட்டுக் களைக்கொல்லிக்கும் அறுவடை இயந்திரத்துக்கும் மாறினார்கள். இலவச உணவுக்குப் பதிலாக வந்த உணவுச் சீட்டைப் பணம் கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. வருமானமே இல்லாதவர் எதைக் கொடுத்து வாங்குவார்? அதே சன்ஃப்ளவர் மாவட்டத்தில் பெரும் பண்ணை வைத்திருந்த செனட்டர் ஜேம்ஸ் ஈஸ்ட்லண்ட், வேளாண் மானியமாக அரசிடமிருந்து ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலருக்கு மேல் பெற்றார். நிலத்தைத் தரிசாகப் போடுவதற்கும் அந்தத் திட்டத்தில் பணம் உண்டு.

இரண்டு குட்டி வட்டி

ஹேமரின் பதில் ஒரு பன்றியிலிருந்து தொடங்கியது. டோரத்தி ஹைட் தலைமையிலான நீக்ரோ மகளிர் தேசியப் பேரவையின் உதவியோடு, 1960களின் இறுதியில் சில டஜன் பெண் பன்றிகளையும் ஐந்து ஆண் பன்றிகளையும் கொண்டு ஒரு 'பன்றி வங்கி' தொடங்கினார். ஒரு குடும்பம் சினைப்பன்றியைக் கொண்டுபோய் வளர்க்கும். அது ஈன்ற குட்டிகள் குடும்பத்துக்கு. அவற்றில் இரண்டு பெண் குட்டிகளை வங்கிக்குத் திருப்பித் தர வேண்டும். அவை அடுத்தடுத்த குடும்பங்களுக்குப் போகும். பணமாக வட்டி இல்லை, பத்திரம் இல்லை, ஜாமீன் இல்லை. சில ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான குடும்பங்களின் அடுப்பில் இறைச்சி வெந்தது. பன்றி வளர்ப்பு என்றாலே ஆளின் சாதியைப் பார்த்து முகம் சுளிக்கும் ஊரில் வாழும் நமக்கு இந்தக் கணக்கு இன்னும் நன்றாகப் புரியும்.

1969இல் நன்கொடைப் பணத்தில் 40 ஏக்கர் வாங்கி 'ஃப்ரீடம் ஃபார்ம்', அதாவது விடுதலைப் பண்ணை, உருவானது. அந்த 40 என்ற எண்ணைப் பார்த்ததும் அங்கே எல்லோருக்கும் 1865 நினைவு வந்திருக்கும். பின்னர் இன்னும் 640 ஏக்கர், முன்பணம் கட்டி மீதியைக் கடனாக வைத்து வாங்கப்பட்டது. ஒரு பகுதியில் பயறு, வெண்டை, கீரை, சர்க்கரைவள்ளி. இவை சாப்பாட்டுக்கு. இன்னொரு பகுதியில் பருத்தியும் சோயாவும். இவை நிலக்கடன் தவணைக்கு. தோட்டத்தில் விளைந்தது வேலை செய்தவர்களுக்கும், வேலை செய்ய முடியாதவர்களுக்கும் போனது. குடிசைகளிலிருந்து ஒழுங்கான வீடுகளுக்கு மாறவும், பிள்ளைகள் படிக்கவும் பண்ணை உதவியது.

வீட்டில் தானியமும் இறைச்சியும் இருந்தால் எந்தப் பண்ணையாரும் நம்மை மிரட்டிப் பணியவைக்க முடியாது என்பது ஹேமர் திரும்பத் திரும்பச் சொன்ன கருத்து. வாக்குச்சாவடிக்குப் போகும் துணிவு அடுக்களையில் பிறக்கிறது என்று அவர் அனுபவத்தில் கண்டிருந்தார்.

ஏன் விழுந்தது?

உறுப்பினர் சந்தா மாதம் ஒரு டாலர். அதைக்கூடத் தவறாமல் கட்ட முடிந்தவை சுமார் 30 குடும்பங்கள்தான். பேரளவில் சேர்ந்திருந்தவை 1,500 குடும்பங்கள். இந்த ஒரு கணக்கிலேயே பண்ணையின் முடிவு எழுதப்பட்டிருந்தது. நடைமுறை மூலதனம் இல்லை. வெளியூர் நன்கொடையை நம்பித்தான் தவணை கட்ட வேண்டும். 1970களின் தொடக்கத்தில் வெள்ளமும் வறட்சியும் மாறி மாறி வந்தன. நன்கொடையாளர்களின் கவனம் வேறு பக்கம் திரும்பியது. ஹேமரின் உடல்நிலை மோசமானது. 1970களின் நடுப்பகுதியில் வரிக்கும் கடனுக்குமாக நிலம் கைவிட்டுப் போனது. 1977 மார்ச் 14 அன்று ஹேமர் மறைந்தார். வயது 59.

வெள்ளமும் வறட்சியும் வெள்ளையர் பண்ணைகளுக்கும் வந்தன. அவர்கள் எழுந்து நின்றது எப்படி? அவர்களுக்குப் பின்னால் அரசுக் கடன் இருந்தது. சிறு விவசாயிகளுக்காகவே இருந்த அரசுக் கடன் நிறுவனத்தில், தகுதியைத் தீர்மானித்தது மாவட்டத்துக்கு மூன்று பேர் கொண்ட உள்ளூர்க் குழு. தென்மாநிலங்களில் அந்த இடங்களில் உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் வெள்ளை விவசாயிகள். கறுப்பின விவசாயிகளுக்குக் கிடைத்தது சிறு தொகை, அதுவும் பெரும்பாலும் வயிற்றுப்பாட்டுக்கு. நிலமும் கருவியும் வாங்கும் கடன் வெள்ளையர்களுக்கே அதிகம் போனது என்று அமெரிக்கக் குடிமை உரிமைகள் ஆணையமே 1965இல் சொன்னது. கடன் கிடைத்தாலும் விதைப்புப் பருவம் முடிந்தபின் வரும்.

ஜார்ஜியா மாநிலத்தில் 1969இல் சார்ல்ஸ் ஷெராட், ஷெர்லி ஷெராட் முதலானோர் சுமார் 5,700 ஏக்கரில் தொடங்கிய 'நியூ கம்யூனிட்டீஸ்' என்ற கூட்டுப் பண்ணைக்கும் இதே கதைதான். வறட்சிக்கால அவசரக் கடன் ஆண்டுக்கணக்கில் தாமதமானது. 1985இல் நிலம் பறிபோனது. 1920இல் 9 லட்சத்துக்கும் மேல் இருந்த கறுப்பின விவசாயிகள் 1990களில் 20,000க்கும் கீழே வந்துவிட்டார்கள்.

அவர்கள் அதோடு விடவில்லை. பிக்ஃபோர்ட் என்ற விவசாயியின் பெயரில் 1997இல் அரசு வேளாண் துறை மீது வழக்குத் தொடுத்தார்கள். 1999இல் சமரசத் தீர்ப்பு வந்து பல்லாயிரம் பேருக்கு இழப்பீடு கிடைத்தது. நியூ கம்யூனிட்டீஸுக்கு 2009இல் சுமார் 1.2 கோடி டாலர் வந்தது. அந்தப் பணத்தில் அவர்கள் மறுபடி நிலம் வாங்கினார்கள்.

நாம் கேட்க வேண்டியவை

நம் ஊரில் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் கேட்டால் சிட்டா, அடங்கல் கேட்பார்கள். வாய்மொழிக் குத்தகையில் அரை ஏக்கர் உழும் அக்காவுக்கு அந்தக் காகிதம் எங்கிருந்து வரும்? களப்பணியில் 'இவங்களுக்குக் கொடுத்தா திரும்ப வராதுங்க' என்ற பேச்சைக் கேட்காத மாதமே எனக்கு இல்லை. ஜாமீன் என்பது வங்கிக் கணக்குப் போல ஒலித்தாலும், பல நேரம் அது சாதிக் கணக்காக இருக்கிறது.

ஆகவே படிக்கும் தோழர்களுக்கு ஒரு வேலை வைக்கிறேன். உங்கள் ஊரில் விவசாயிகளுக்கு என்று வந்த ஏதாவது ஒரு திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பயனாளிகளைத் தேர்ந்தெடுத்த குழுவில் யார் யார் உட்கார்ந்தார்கள்? நம் மக்களின் விண்ணப்பங்கள் எத்தனை, கடன் கிடைத்தவை எத்தனை? பணம் விதைப்புக்கு முன்னால் வந்ததா, பின்னால் வந்ததா? எந்த நிலம் யார் பெயரில் இருக்கிறது? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டால் இவற்றில் பலவற்றுக்கு எழுத்தில் பதில் வாங்கலாம். பிக்ஃபோர்ட் வழக்கின் மையத்தில் இருந்தவையும் மறுக்கப்பட்ட, தாமதப்படுத்தப்பட்ட கடன் விண்ணப்பங்கள்தான்.