சக்கரம் வளர, டயர் சுருங்கிய வரலாறு

"பழைய ஸ்போர்ட்ஸ் காருக்குப் பெரிய டயர் போட்டிருக்கிறார்கள்" என்று பேச்சு வழக்கில் கூறுவதுண்டு. இக்கூற்றில் ஒரு பிழை மறைந்து கிடக்கிறது. பெரிதாவது டயர் அன்று. அதைத் தாங்கும் உலோக வளையமாகிய ரிம்மே பெரிதாகிறது. ரிம் வளர வளர, அதைச் சூழ்ந்த ரப்பரின் உயரம் குறைந்துகொண்டே வரும். இதனை விளக்க ஜெர்மானிய வண்டியாகிய போர்ஷே 911-இன் வரலாறே போதுமானது.

1963-இல் பிராங்க்பர்ட் கண்காட்சியில் 901 என்ற பெயருடன் அவ்வண்டி தோன்றியது. நடுவில் சுழியம் நிற்கும் மூன்றிலக்கப் பெயர்கள் தனக்கே உரியவை எனப் பிரெஞ்சு நிறுவனமாகிய பெஜோ மறுப்புரைக்கவே, அது 911 ஆயிற்று. 130 குதிரைத்திறன் கொண்ட அவ்வண்டிக்கு 15 அங்குல விட்டமும் 4½ அங்குல அகலமும் உள்ள ரிம்; அதன்மேல் 165 மில்லிமீட்டர் அகலமுள்ள டயர். டயரின் பக்கச்சுவர் ஏறத்தாழ 132 மி.மீ.; சக்கரத்தின் முழு விட்டம் 645 மி.மீ. அளவாகும்.

இவ்வண்டியின் எஞ்சின் பின் அச்சுக்கும் பின்னால் தொங்குவது. வளைவில் வேகமாகச் செல்லும்போது ஓட்டுநர் அஞ்சிச் சட்டென்று காலை எடுத்தால், வண்டியின் பின்புறம் வெளியே வீசப்படும். பொறியாளர் முதலில் செய்த பரிகாரம் சற்று வேடிக்கையானது: முன் பம்பருக்குள் இரும்புக் கட்டிகளை வைத்தனர்! பின்னர், 1969-ஆம் ஆண்டு மாதிரியில் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையிலுள்ள தொலைவை 57 மி.மீ. நீட்டினர். ரிம்மின் அகலமும் படிப்படியாக 6 அங்குலம் வரை வளர்ந்தது.

1972-இல் வெளிவந்த கரேரா ஆர்.எஸ். ஒரு திருப்புமுனை எனலாம். முன்னே 6 அங்குல அகலம், பின்னே 7 அங்குல அகலம் என ரிம்கள் வேறுபட்டன. பின் மட்கார்டுகளை அதற்கேற்ப அகட்டினர். பின் டயரின் அளவு 215/60. முதலெண் மில்லிமீட்டரில் அகலம். அடுத்தது அவ்வகலத்தில் பக்கச்சுவரின் உயரம் எத்தனை விழுக்காடு என்பது. கணக்கிட்டால் 129 மி.மீ. வரும். முதல் வண்டியின் டயரைவிட 50 மி.மீ. அகன்றும், உயரம் கூடவில்லை!

இத்தகைய தாழ்ந்த டயரை இயலச் செய்தது ரேடியல் முறை. மிஷெலின் நிறுவனம் 1946-இல் காப்புரிமை பெற்று 1949-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த முறை அது. (ரேடியல் டயருக்கு இயற்கை ரப்பர் கூடுதலாக வேண்டும் என்பது ரப்பர்த் தோட்டங்களை அறிந்தவர்களுக்குப் புதிதன்று.) லான்சியா ஸ்ட்ராட்டோஸ் என்னும் பந்தய வண்டிக்காகப் பிரெல்லி உருவாக்கிய பி7 டயர், பின்னர் 911 டர்போவுக்கும் வந்தது. 1978-ஆம் ஆண்டு மாதிரியில் ரிம் 16 அங்குலமாகவும், பின் டயர் 225/50 ஆகவும் இருந்தன. பக்கச்சுவர் 112 மி.மீ.; முழு விட்டம் 632 மி.மீ. மட்டுமே.

முழு விட்டத்தை ஏன் வளரவிடவில்லை? சக்கரம் உயர்ந்தால் மட்கார்டில் உரசும். கியர்களின் இழுவை குன்றும். சக்கரச் சுற்றை எண்ணியே வேகங்காட்டும் கருவியும் பிழைபடும். 645-லிருந்து 632-க்கு இறங்கிய சிறு மாற்றத்திலேயே, திருத்தப்படாத கருவி 100 எனக் காட்டும்போது உண்மை வேகம் 98 ஆகிறது.

டர்போவில் ரிம்முடன் மட்கார்டு, ஸ்பிரிங், பிரேக் அனைத்தும் மாறின. இன்று 1960-களின் ஒடுங்கிய வண்டிக்கு 17, 18 அங்குல ரிம் பூட்டுவோர் ரிம்மை மட்டுமே மாற்றுகின்றனர். 225/40 அளவுள்ள 18 அங்குல டயரின் பக்கச்சுவர் 90 மி.மீ. தான். பள்ளத்தில் விழுந்தால் முன்பு ரப்பர் ஏற்ற அடியை இப்போது ரிம்மும் பேரிங்கும் ஏற்கின்றன. ரிம் வெளியே தள்ளி நின்றால், பவர் ஸ்டியரிங் இல்லாத அவ்வண்டியில் ஒவ்வோர் அதிர்வும் ஓட்டுநரின் கைக்கு வந்து சேரும். அழகு கருதிச் செய்யும் இம்மாற்றம் வண்டிக்கு இழைக்கும் தீங்கே ஆகும்.

பழைய அளவில் நல்ல டயர் கிடைப்பதில்லை என்று இவர்கள் காரணம் காட்டுவதுண்டு. ஒரு காலத்தில் அது நியாயமாகவே இருந்தது. ஆனால் கரேரா ஆர்.எஸ். வண்டியில் இருந்த சி.என்.36 டயரைப் பிரெல்லி அண்மை ஆண்டுகளில் அதே 185/70, 215/60 அளவுகளில் மீண்டும் வார்த்து விற்பனைக்கு விட்டுள்ளது. பழைய பூவேலைக்குள் இருப்பது இக்கால ரப்பர்க் கலவை.