இரத்தச் சுத்திகரிப்பு

ஜீவராசிகள் யாவும் தமக்கு வேண்டிய வஸ்துக்களைச் சுற்றுப்புறத்திலிருந்து ஏற்றும், வேண்டாதவற்றை அதனிடமே விடுத்தும் உயிர் தரிக்கின்றன. ஓரணு உயிரான அமீபா தன்னைப் போர்த்திய மெல்லிய சவ்வின் வழியே இதனை நேராகவே செய்துகொள்ள, தேகம் பெருத்த மனிதனுக்கோ நுரையீரலும் குடலும் சிறுநீரகமும் இதற்கெனத் தனித்தனியே அமைந்தன. இவற்றுள் சிறுநீரகத்தின் பணியை யந்திரத்திடம் ஒப்படைக்கும் சிகிச்சையே இரத்தச் சுத்திகரிப்பு. வழக்கில் டயாலிசிஸ் என்பர். சிங்கப்பூரில் இதன் சரித்திரம் பெரும்பாலும் புக்கிட் மேரா வட்டாரத்துக்கு உட்பட்ட ஊட்ரம் சாலையில் நிகழ்ந்தது.

இச்சிகிச்சையின் தோற்றுவாய் மருத்துவமன்று, ரசாயனம். ஸ்காட்லாந்தில் பிறந்த தாமஸ் கிரகாம், பதப்படுத்திய தாளைச் சவ்வாக வைத்து, சிறு மூலக்கூறுகள் அதனூடே கடந்துபோகக் கோந்து போன்ற பருத்தவை பின்தங்கிவிடுவதை 1861-இல் விளக்கினார். 1913-இல் அமெரிக்காவில் ஜான் ஏபலும் தோழர்களும் நாயின் இரத்தத்தை, அட்டையிலிருந்து எடுத்த சாரத்தால் உறையாமற் காத்து, இம்முறையில் சுத்திசெய்தனர். 1924-இல் ஜெர்மனியின் கியோர்க் ஹாஸ் மனிதரிடம் பரீட்சித்தார். ஜெர்மானியப் படைகளின் பிடியிலிருந்த ஹாலந்தில், 1943-இல், வில்லெம் கோல்ஃப் என்ற வைத்தியர் இறைச்சி அடைக்கும் செல்லோபேன் குழாயை மர உருளையில் சுற்றி உப்புநீர்த் தொட்டியில் சுழலவிட்டதே முதற் பயனுள்ள யந்திரமாயிற்று. பஞ்சம் சில சமயம் பட்டறையைவிட நல்ல ஆசானாகிறது.

ஊட்ரம் சாலையில், சிப்பாய் லைன்ஸ் என்று முன்னாளில் வழங்கிய பகுதியில், 1926-இல் புதிய கட்டடங்களோடு திறக்கப்பட்டது சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனை. அதன் மாடிப்பரண் ஒன்றில், 1960-களின் பிற்பகுதியில், பேராசிரியர் கூ ஊன் டெய்க் எளிய சாதனங்களோடு இச்சிகிச்சையை நடத்தினார். 1969-இல் தேசிய சிறுநீரக அறநிறுவனத்தையும் தோற்றுவித்தார்.

யந்திரத்தின் சாமர்த்தியம் இழப்பதில் அன்று, இழக்காதிருப்பதில் உள்ளது. சவ்வின் ஒருபுறம் இரத்தமும் மறுபுறம் சுத்திநீரும் ஓடுகையில், செறிவு மிகுந்த பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்குப் பொருள்கள் தாமே பெயர்வதால், யூரியா இல்லாத நீருக்கு யூரியா போய்விடும். ஆனால் சோடியம் போன்ற அவசியமான உப்புக்களை இரத்தத்திலுள்ள அளவை ஒட்டி அந்நீரிலேயே முன்கூட்டிக் கலந்துவிடுவதால் அவை பெரிதும் குறைவதில்லை. சிறுநீரகமோ வேறு வகையில் இயங்குகிறது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் திரவத்தை வடித்து, அதில் ஒன்றரை லிட்டரளவே சிறுநீராக விடுத்து, எஞ்சியதனைத்தையும் தேர்ந்து மீட்டுக்கொள்கிறது. சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் சுரப்பையும் அளிக்கிறது. வாரத்துக்கு மும்முறை, முறைக்கு நான்கு மணி நேரம் என்று வழக்கமாக நடைபெறும் யந்திரப் பரிமாற்றம் இதற்கு ஈடாகாது.

ஆதலால் மருத்துவர் கவனம் உறுப்பு மாற்றத்தின்பால் திரும்பியது. இறந்தவரின் சிறுநீரகத்தை நோயாளிக்குப் பொருத்தும் அறுவை, சிங்கப்பூரில் முதன்முறையாக 1970 ஜூலை 8-ஆம் தேதி அதே பொது மருத்துவமனையில் நிகழ்ந்தது. முன்னரே மறுத்திராதவர் விபத்தில் இறந்தால் அவர் சிறுநீரகங்களை எடுத்துக்கொள்ள 1987-ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதித்தது. முஸ்லிம்கள் அப்போது விலக்கப்பட்டிருந்து, 2008-இல் சேர்க்கப்பட்டனர். இதற்கிடையே, 2004-இல், விபத்தல்லாத மரணங்களுக்கும் வேறு சில உறுப்புகளுக்கும் அச்சட்டம் விரிவாக்கப்பட்டது.