போருக்குப் பிந்திய பிரித்தானியாவில் ஹெலிகொப்டர் ஆக்கம்

புதியதொரு பொறியைத் தானே ஆக்க முயல்வதா, பிறர் ஆக்கியதை உரிமம் பெற்றுச் செய்வதா என்னும் வினா எந்நாட்டின் தொழிற்றுறைக்கும் எழக்கூடியதே. இரண்டாம் உலகப் போர் முடிவுற்றபோது, ஹெலிகொப்டர் தொடர்பாகப் பிரித்தானியா இவ்வினாவை எதிர்நோக்கியது.

சுழலி கொண்ட ஊர்திகள் அந்நாட்டுக்குப் புதியனவல்ல. ஸ்பானியரான சியேர்வாவின் பெயரால் 1926 இல் அங்கு நிறுவப்பட்ட கம்பனி ஓட்டோஜைரோ என்னும் ஊர்தியை வளர்த்தது. அதன் சுழலியைப் பறப்பின்போது சுழற்றுவது எஞ்சின் அன்று, எதிர்ப்படும் காற்றே. ஆதலின் காற்றில்லா வானில் அவ்வூர்தி ஓரிடத்தில் நிலைத்து நிற்றல் இயலாது. சுழலியை எஞ்சினே இயக்கும் ஹெலிகொப்டர் இக்குறையை நீக்கிற்று. ஆயின், போர்க்காலத்தில் அதனைப் பெருந்தொகையாக ஆக்கும் அனுபவத்தை ஈட்டியது சிக்கோர்ஸ்கியின் தொழிற்சாலை அமைந்திருந்த அமெரிக்காவே.

போரின் பின் பிரித்தானியக் கம்பனிகள் பல தத்தம் வழியில் முயன்றன. பிரிஸ்டல் கம்பனியில் ஒஸ்திரியரான ராவுல் ஹாஃப்னர் வடிவமைத்த ‘சிக்கமோர்’ 1947 யூலை 27 இல் முதன்முறை பறந்தது. 1949 இல் பறப்புத் தகுதிச் சான்றிதழ் பெற்ற முதற் பிரித்தானிய ஹெலிகொப்டரும் அதுவே. ஃபெயரி கம்பனியின் ‘ஜைரோடைன்’ 1948 யூன் 28 இல் மணிக்கு 124.3 மைல் வேகத்தை எட்டி உலக சாதனை நிலைநாட்டியது. அடுத்த ஆண்டு ஏப்பிரலில் அது வீழ்ந்து நொருங்க இருவர் மாண்டனர். சியேர்வா கம்பனியின் ‘எயர் ஹோர்ஸ்’ மூன்று சுழலிகளைக் கொண்டது. 1948 டிசெம்பரில் பறந்தபோது உலகின் மிகப் பெரிய ஹெலிகொப்டர் அதுவே. 1950 யூன் 13 இல், முன்சுழலியின் கட்டுப்பாட்டு அமைப்பிலே ஓர் உறுப்பு உலோகக் களைப்பினால் முறியவே, அவ்வூர்தி வீழ்ந்து மூவர் உயிரிழந்தனர். மறு ஆண்டு அக்கம்பனியின் ஹெலிகொப்டர்ப் பணிகள் சோண்டர்ஸ்-றோ கம்பனியின் கைக்கு மாறின.

வெஸ்ட்லண்ட் கம்பனியோ மற்றைய வழியைத் தெரிந்துகொண்டது. சிக்கோர்ஸ்கியின் எஸ்-51 வகையை ஆக்கும் உரிமத்தைப் பெற்று, பிரித்தானிய எஞ்சினைப் பொருத்தி, 1948 ஒக்டோபரில் அதனைப் பறக்கவிட்டது. ‘டிராகன்ஃபிளை’ எனப் பெயர் பெற்ற அவ்வூர்தி 1950 இல் கடற்படையிற் சேர்ந்தது. மலாயாக் காடுகளிலிருந்து காயமுற்றோரை மீட்கவும் பயன்பட்டது. 1950 யூன் 1 இல் லிவர்பூலுக்கும் கார்டிஃபுக்கும் இடையே தொடங்கிய பயணிகள் சேவையும் எஸ்-51 வகையைக் கொண்டே நடைபெற்றது.

இவ்வேறுபாட்டின் காரணம் அறிவுக் குறைவன்று. சொந்த ஆக்கத்தில் இறங்கியோர் ஓரிரு மாதிரிகளையே நம்பியிருந்தனர். ஒன்று வீழின் ஊர்தியோடு அனுபவமிக்க விமானிகளும் ஆண்டுக்கணக்கான உழைப்பும் ஒருங்கே அழிந்தன. வெஸ்ட்லண்டோ பிறர் பட்டுத் தேர்ந்த வடிவத்திலிருந்து தொடங்கியமையால், தன் முயற்சியை உற்பத்தியிற் செலுத்த முடிந்தது. 1959, 1960 ஆம் ஆண்டுகளில் சோண்டர்ஸ்-றோ, பிரிஸ்டலின் ஹெலிகொப்டர்ப் பிரிவு, ஃபெயரி ஆகிய மூன்றும் அதனுள் அடங்கின.

எனினும், உரிம வழியே முற்றாக வென்றது எனக் கொள்ளல் தவறாகும். வெஸ்ட்லண்ட் பின்னர் தரைப்படைக்கு வழங்கிய ‘ஸ்கவுட்’, கடற்படைக்கு வழங்கிய ‘வாஸ்ப்’ ஆகிய இரண்டும் சோண்டர்ஸ்-றோவின் வடிவமைப்பிலிருந்து பிறந்தவை. அவ்வடிவமைப்பின் வேர் சியேர்வா கம்பனி 1948 இல் பறக்கவிட்ட ‘ஸ்கீற்றர்’ என்னும் சிற்றூர்தியில் உள்ளது. வாங்கிய அறிவு தொழிற்சாலையை நிலைநிறுத்திற்று. ஆயின் அத்தொழிற்சாலைக்குத் தனக்கென ஆக்குவதற்குரிய வடிவங்களை அளித்தோர், தோற்றனர் எனக் கருதப்பட்டவரே.