செவிகள் காத்த பாவலன்

1900-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், அயர்லாந்தின் மேற்கே கால்வே மாவட்டத்தில், கிராக்வெல் என்னும் சிற்றூரை அடுத்த கில்லீனின் இடுகாட்டில் ஒரு நினைவுக்கல் நாட்டப்பெற்றது. அக்கல்லுக்குரியவர் மறைந்து அப்போது ஏறத்தாழ அறுபத்தைந்து ஆண்டுகள் கழிந்திருந்தன. அவர் பார்வை இழந்தவர், எழுத்தறியாதவர், பிடில் ஒன்றைக் கையிலேந்தி ஊர் ஊராகத் திரிந்து, தாமே கட்டிய பாடல்களைத் தாமே பாடி வயிறு வளர்த்தவர். பெயர் அந்தோனி ராஃப்டரி. கல் நாட்டு விழாவுக்கு முன்னின்றவர் அருகிலிருந்த கூல் மாளிகையின் கிரகரி சீமாட்டியார். டப்ளின் நகரத்து இலக்கிய உலகம் அந்தப் பெயரைக் கேட்டறியத் தொடங்கிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. அவ்வட்டாரத்து முதியவர்களுக்கோ அது நேற்றுவரை திண்ணையில் அமர்ந்து பாடியவனின் பெயர்.

மறக்கப்பட்ட கவிஞன் மீட்கப்பட்டான் என்று இந்த நிகழ்ச்சியை இலக்கிய வரலாறுகள் எழுதுகின்றன. யார் மறந்தார்கள் என்று அவை பெரும்பாலும் கேட்பதில்லை.

ராஃப்டரி மேயோ மாவட்டத்தில் கில்லீடன் என்ற ஊரில் 1779-ஆம் ஆண்டளவில் பிறந்தவர். 1784 என்று கூறுவாரும் உளர். தந்தை நெசவாளி. சிறுவயதில் வந்த பெரியம்மை பார்வையைப் பறித்தது. ஊர்ப் பெருநிலக்கிழார் ஒருவரின் ஆதரவில் சில காலம் வாழ்ந்து, பின்னர் அவருடன் மனம் முறிந்து வெளியேறித் தெற்குக் கால்வே பகுதியை அடைந்தார் என்பது வழிவழிச் செய்தி. பிறந்த ஊரைப் புகழ்ந்து அவர் பாடிய பாடல் இன்றளவும் அயர்லாந்துப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தெரியும். குளிர் நீங்கிப் பகல் நீளத் தொடங்கியதும் சொந்த மண்ணுக்குப் புறப்பட வேண்டும் என்னும் ஏக்கமே அதன் பொருள். அவருடைய பிடில் வாசிப்பு அத்தனை சிறப்பானதன்று என்று அவரைக் கேட்டவர்களே சொல்லியிருக்கிறார்கள். சொல்லுக்காகவே மக்கள் அவரைக் கூப்பிட்டார்கள். சொல்லுக்கு அஞ்சியே சிலர் உணவளித்தார்கள். அவர் வசை பாடினால் அது தலைமுறை கடந்தும் ஒருவரைத் துரத்தும் என்னும் அச்சம் அந்நாட்டுப் பழைய மரபு.

1835-ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் வேளையில் அவர் இறந்தார். இரவில் அடக்கம் செய்தபோது காற்று வீசியும் மெழுகுவர்த்திகள் அணையவில்லை என்று ஊரார் கிரகரி சீமாட்டியாரிடம் கூறினார்கள். நம்புவதும் நம்பாததும் ஒருபுறம் இருக்கட்டும். கல்லில்லாத ஒரு கல்லறையைப் பற்றி அறுபது ஆண்டுகளுக்குப் பின்னும் இப்படிப் பேச ஆள் இருந்தது என்பதே கவனிக்கத் தக்கது.

அவரை ஏட்டிலேற்றிய பெருமை டக்ளஸ் ஹைட் என்பாருக்கு உரியது. புராட்டஸ்டண்ட் மதகுருவின் மகனாக 1860-இல் பிறந்த ஹைட், அயர்லாந்து மொழியை ஏழை அண்டை அயலாரிடமிருந்தும் வேட்டைக்காடு காப்போரிடமிருந்தும் கற்றவர்; 1893-இல் அம்மொழியின் மீட்சிக்காகக் கேலிக் கழகம் தோன்றியபோது அதன் முதல் தலைவர்; 1938-இல் நாட்டின் முதல் குடியரசுத் தலைவர். ராஃப்டரியை அவர் அடைந்த வழி நேரானதன்று. இளமையில் ஒரு நாள் துப்பாக்கியைத் தோளில் சாய்த்துக்கொண்டு வேட்டைக்குச் சென்றவர், ஒரு குடிசை வாயிலில் முதியவர் ஒருவர் தமக்குள் பாடிக்கொண்டிருந்ததைக் கேட்டார். அது கில்லீடன் பாட்டு. கேட்டுப் பெற்றுக்கொண்டார், பாடியவரையும் பாட்டின் பின்னணியையும் தேட அப்போது தோன்றவில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் போல் கழிந்தபின் டப்ளினில் ராயல் ஐரிஷ் அகாதெமியின் நூலகத்தில் ஒரு பழைய கையெழுத்துப் படியைப் புரட்டுகையில் அதே புலவனின் பாடல்கள் கண்ணில் பட்டன. மேலும் சில ஆண்டுகள் சென்று, கால்வே பக்கத்தில் சாலையோரம் நின்ற குருட்டுப் பிச்சைக்காரர் ஒருவருக்குக் காசு கொடுத்துவிட்டு நடந்தவர், அவரிடம் அயர்லாந்து மொழியில் பேசியிருக்கலாமே என்று நினைத்துத் திரும்பி வந்தார். பேச்சு ராஃப்டரியில் போய் நின்றது. ஒரு மணி நேரம் நீண்டது. அந்தத் திரும்பி நடந்த சில அடிகளுக்கு ஒரு நாட்டின் இலக்கியம் கடன்பட்டிருக்கிறது.

அதே காலத்தில் கிரகரி சீமாட்டியார் கோர்ட் ஊரின் ஏழையர் விடுதியில் ஒரு குளிர்கால மாலை தீயருகே அமர்ந்திருந்தார். இரண்டு கிழவிகள் தங்கள் பிள்ளைப் பருவத்தில் கண்டு கேட்ட இரு புலவர்களுள் யார் மேலானவர் என்று வழக்காடிக்கொண்டிருந்தார்கள். கதியற்று விடுதிக்கு வந்த அம்மூதாட்டியரின் கையில் எந்த உடைமையும் இல்லை. ஆனால் திறனாய்வு இருந்தது. கவியரங்குகளில் கைதட்டும் கூட்டத்தைப் பார்த்துப் பழகியவர்கள் இக்காட்சியைச் சிறிது நேரம் எண்ணிப் பார்க்கலாம்.

ராஃப்டரி பாடியவை காதலும் ஏக்கமும் மட்டுமல்ல. 1828-இல் கிளேர் தேர்தலில் டேனியல் ஓ'கானல் பெற்ற வெற்றியைப் பாடினார். 1820-இல் குன்றின்மேல் தூக்கிலிடப்பட்ட அந்தோனி டேலி என்னும் தச்சருக்காகப் பாடினார். முள்மரம் ஒன்று வாய்திறந்து அயர்லாந்தின் நெடுவரலாற்றைச் சொல்வதாக ஒரு நீள்பாட்டும் கட்டினார். எனினும் அவர் யார் என்று ஒரே பாட்டால் காட்ட வேண்டுமானால், அன்னாக்டவுன் துயரப் பாட்டைத்தான் காட்ட வேண்டும்.

1828 செப்டம்பர் 4. கோரிப் ஏரியின் கரையிலுள்ள அன்னாக்டவுனிலிருந்து கால்வே சந்தைக்கு ஒரு பழைய படகு புறப்பட்டது. முப்பதுக்கும் மேற்பட்ட மனிதர். உடன் விற்பனைக்கான ஆடுகள். நகரம் அண்மையில் வந்துவிட்ட நிலையில் ஓர் ஆட்டின் கால் உளுத்த பலகையைத் துளைத்தது. நீர் புகுந்தது. ஒருவர் தம் மேலங்கியைச் சுருட்டி ஓட்டையில் வைத்து அடைக்கக் காலால் மிதித்தார். பலகையே பெயர்ந்து போயிற்று. பதினொரு ஆடவரும் எட்டுப் பெண்டிரும் மாண்டனர். வாழ்த்தொலியும் கூச்சலுமாய்ச் சந்தைக்கு இறங்கியிருக்க வேண்டியவர்கள் பிணங்களாய்க் கரையேறினார்கள்.

ராஃப்டரி இதைப் பாடிய முறையில் அலங்காரம் குறைவு. இறந்தோர் தொகையைக் கணக்காகவே சொல்கிறார். சிலரைப் பெயர் சொல்லி அழைக்கிறார். இத்தனை பேரை விழுங்கப் புயலோ பேரலையோ வேண்டியிருக்கவில்லை, அமைதியான காலையே போதுமாயிருந்தது என்று வியக்கிறார். பின்னர் அந்த இடத்தைச் சபிக்கிறார். செய்தித்தாள் படிக்கத் தெரியாத மக்களுக்கு அதுவே செய்தித்தாள், அதுவே ஒப்பாரி, அதுவே நடுகல். மாண்டவர்களின் உறவினர் அமர்ந்திருக்கும் வீட்டில் ஒரு பெயர் தவறினாலும் பாடகனைத் தடுத்து நிறுத்துவார்கள். எழுத்துக்கு இல்லாத காவல் அது.

பாலிலீயில் வாழ்ந்த மேரி ஹைன்ஸ் என்னும் அழகியைப் பற்றிய பாட்டின் கதை வேறு. பார்வையற்றவர் பாடிய அழகில் மயங்கி, அவளைக் காண இரவில் புறப்பட்ட இளைஞருள் ஒருவன் சதுப்பில் மூழ்கி மாண்டான் என்ற செவிவழிச் செய்தி யேட்ஸின் உள்ளத்தைப் பற்றிக்கொண்டது. அயர்லாந்து மொழி யேட்ஸுக்கு வாசிக்க வராது; கிரகரி சீமாட்டியாரின் மொழிபெயர்ப்பும் ஊர் முதியோர் பேச்சுமே அவருக்குக் கிடைத்தவை. 1899-இல் அவளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். 1917-இல் அதே பாலிலீயில் ஒரு பழைய கற்கோபுரத்தை 35 பவுனுக்கு வாங்கிக் குடியேறினார். பின்னாளில் அக்கோபுரத்தைப் பாடிய கவிதையில் குருட்டுப் பாடகனும் அழகியும் இடம்பெற்றார்கள். உலகின் பெரும்பகுதி ராஃப்டரியை அறிவது யேட்ஸின் வழியாகவே. அது நன்றி சொல்லத் தக்கது, குறையும் உடையது. சந்தைக்குப் போய் மூழ்கியவர்களைவிட அழகிக்காக மூழ்கியவனே படித்த உலகுக்கு உகந்தவனாயிருந்தான்.

இத்தனை பிந்திய தேடலுக்குக் காரணம் ரசனைக் குறைவு மட்டுமன்று. 1831-இல் தொடங்கப்பெற்ற அரசுப் பள்ளிகள் ஆங்கிலத்தில் பாடம் சொல்லின. ராஃப்டரி இறந்து பத்தாண்டுகளில், 1845-இல், உருளைக்கிழங்கு நோயால் பெரும்பஞ்சம் மூண்டது. ஏறத்தாழப் பத்து இலட்சம் பேர் மாண்டார்கள். அதே அளவினர் கடல் கடந்தார்கள். அடி பலமாக விழுந்தது அவருடைய பாடலைப் பாடிய மேற்குப்புறத்து ஏழைகள்மேல். 1851-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் அயர்லாந்து மொழி பேசியோர் 15 இலட்சத்துக்குச் சற்று மேல். 1901-இல் ஏறத்தாழ 6.4 இலட்சம். ஹைட் இன்னும் இருபது ஆண்டுகள் தாமதித்திருந்தால் வாயிலில் பாட முதியவர் இருந்திருக்கமாட்டார்.

1903-இல் ஹைட் அப்பாடல்களை நூலாக வெளியிட்டார். அதன் தலைப்புக்கு, ராஃப்டரியின் பெயரில் வழங்கும் பாடல்கள் என்பதே பொருள். ராஃப்டரியின் பாடல்கள் என்று அவர் எழுதவில்லை. அந்த எச்சரிக்கை வீண்போகவில்லை. இன்று ராஃப்டரி என்றதும் அயர்லாந்தார் வாயில் முதலில் வருவது, தம்மை இன்னாரென்று அறிமுகம் செய்துகொள்ளும் எட்டடிச் சிறு கவிதை. சுவரை நோக்கி நின்று, வெறும் பைகளுக்கு இசைக்கும் குருடன் ஒருவனின் சித்திரம் அது. 1994-இல் அயர்லாந்து அரசு வெளியிட்ட ஐந்து பவுன் நோட்டின் பின்புறத்தில், வகுப்பறைக் கரும்பலகையில் அதன் தொடக்கம் எழுதப்பட்டிருந்தது. ஆனால் அமெரிக்காவில் குடியேறி வாழ்ந்த ஷான் ஓ கெல்லி என்பவரே அதை இயற்றியிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. தாய்மண்ணை விட்டுக் கடல் கடந்த ஒருவர், ராஃப்டரியின் குரலைத் தம் தனிமைக்கு இரவல் வாங்கினார் போலும். இரவல் குரலே மூலவனின் முகமாகிவிட்டது.

ஹைட் சொல்லைத் தேடிய மொழியறிஞர். இசையைக் குறித்துவைத்தவர் அல்லர். ஆகவே ஏட்டில் கிடைத்த ராஃப்டரி பாதி ராஃப்டரியே. மறுபாதியைக் கருவித் துணையின்றிப் பாடும் கோனமாரா மரபுப் பாடகர்களின் தொண்டையில்தான் தேட வேண்டியிருந்தது. ஐந்து பவுன் நோட்டு 2002-இல் யூரோ வந்ததும் புழக்கத்திலிருந்து மறைந்தது. அன்னாக்டவுன் பாட்டின் மெட்டைக் குழலிசைக் கலைஞர்கள் சொல்லின்றியும் வாசிக்கிறார்கள். சொல்லோடு பாடுவோர் மாண்டவர்களின் பெயர்களை இன்றும் வரிசையாகச் சொல்கிறார்கள்.