பெந்தோட்டைக் கூரைத் துணியும் ஓர் இரவு வாடகையும்

ஒரு பொருளின் விலை நியாயமானதா என்று கேட்டால் திருப்பூர்க்காரர்கள் உடனே காகிதம் எடுத்துக் காஸ்டிங் போட்டுவிடுவோம். நூல் கிலோ என்ன விலை, நிட்டிங் கூலி எவ்வளவு, அப்புறம் சாயம், கட்டிங், தையல், பிரிண்டிங், செக்கிங், பேக்கிங், கடைசியில் கம்பெனிக்கு நிற்பது என்ன. பனியன் துணியில் பிரிண்டிங் ஜாப் ஒர்க் செய்தே பாதி ஆயுளைக் கழித்தவன் நான். நாலு கலர் நெஞ்சுப் பிரிண்டுக்கு நாலு பைசா கூட்டிக் கேட்டதற்கு ஆர்டர் கைமாறிப் போனதெல்லாம் உண்டு. அதனால் ஓர் இரவு தங்குவதற்கு, திருப்பூரில் நல்ல ஓட்டல் ஒன்றில் ஒரு வாரம் தங்கும் பணத்தைக் கேட்கிறார்கள் என்றால், அந்தப் பணம் எதற்கு, யாருக்குப் போகிறது என்று பார்க்காமல் என்னால் இருக்க முடியாது.

இலங்கையில் ஆடைத் தொழிலில் வேலையாக இருக்கும் மகள் அழைத்துப் போனது பெந்தோட்டைக் கடற்கரை ஓட்டலுக்கு. கொழும்பிலிருந்து தெற்கே காலிக்குப் போகும் வழியில், ஆறு கடலில் சேரும் இடத்தில் இருக்கிறது. கலை ஓட்டல் என்று இன்று ஊருக்கு ஊர் விளம்பரம் செய்கிறார்களே, அந்த வழக்கம் நம் பக்கத்தில் எங்கிருந்து தொடங்கியது என்று தேடினால் இந்தக் கட்டடத்துக்குத்தான் வந்து சேர வேண்டும் என்பது என் எண்ணம்.

அதன் கதை 1960களில் தொடங்குகிறது. இலங்கை அரசு 1966-இல் சுற்றுலாச் சபை அமைத்தது. வெளிநாட்டுப் பயணிகளைக் கொண்டுவந்து அந்நியச் செலாவணி ஈட்ட வேண்டும் என்பது நோக்கம். அதற்குத் தேர்ந்தெடுத்த இடங்களில் ஒன்று பெந்தோட்டை. வேலை ஜெஃப்ரி பாவாவிடம் வந்தது. வக்கீலாக இருந்தவர், கட்டடக்கலை படித்து முடித்தபோது வயது 38. பெந்தோட்டைக்குப் பக்கத்திலேயே லுனுகங்கை என்ற தோட்டத்தை 1948-இல் வாங்கி, தன் விருப்பப்படி செதுக்கிக்கொண்டிருந்தவர். 1967-இல் தொடங்கிய ஓட்டல் வேலை 1969-இல் முடிந்தது. கூடவே அந்த ஊர் ரயில் நிலையத்தையும் கடைத்தெருவையும் அவரே வடிவமைத்தார்.

அன்றைய இலங்கையில் இறக்குமதிக்குக் கடுமையான கட்டுப்பாடு. வெளிநாட்டு ஓட்டல்களில் இருப்பது போலக் கம்பளமும் தொங்கும் விளக்கும் வரவழைக்க வழி கிடையாது. கல், ஓடு, மரம், கைத்தறித் துணி, பித்தளை என்று உள்ளூரில் கிடைத்ததை வைத்துத்தான் கட்டியாக வேண்டும். பாவாவுக்கு அதில் வருத்தமே இருந்ததாகத் தெரியவில்லை. அவரைச் சுற்றி ஒரு கூட்டம் இருந்தது. கைத்தறிக்கு பார்பரா சன்சோனி. சிற்பத்துக்கும் ஓவியத்துக்கும் லக்கி சேனநாயக்க. பத்திக் துணிக்கு ஈனா டி சில்வா.

இந்த ஈனா அம்மாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1922-இல் பிறந்தவர். மாத்தளைக்குப் பக்கத்து அலுவிகாரைக் குடும்பம். தந்தை சர் ரிச்சர்ட் அலுவிகாரை இலங்கைப் போலீசின் முதல் உள்நாட்டுத் தலைவர். பின்னாளில் இந்தியாவில் இலங்கைத் தூதராகவும் இருந்தார். கணவரும் போலீஸ் தலைவராக இருந்தவர்தான். பெரிய இடத்துப் பெண். வீட்டோடு இருந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் கொழும்பில் தமக்கு ஒரு வீடு கட்டித் தரச் சொல்லி பாவாவிடம் போனார். நடுவில் முற்றம் வைத்த அந்த வீட்டில் மகன் அனிலும் லக்கி சேனநாயக்கவும் சேர மெழுகு காய்ச்சி, சாயத் தொட்டி வைத்து, பத்திக் போட ஆரம்பித்தார்கள். பத்திக் இலங்கையின் பழைய தொழில் இல்லை; ஜாவாவிலிருந்து வந்த கலை. அதில் சிங்களக் கொடிகளின் சூரியனையும் சிங்கத்தையும் பூவையும் ஏற்றி, சேலைக்கும் சட்டைக்கும் போட்டுக்கொண்டிருந்த துணியைக் கட்டடத்தின் அளவுக்குப் பெரிதாக்கியது இவர்கள்தான்.

பெந்தோட்டையில் பாவா ஈனாவிடம் கேட்டது கூரையை. வரவேற்பறையில் தலைக்கு மேலே, உத்தரங்களுக்கு இடையே கட்டம் கட்டமாகப் பத்திக் துணி. சுவரில் மாட்டும் படத்தை விரும்பினால் கழற்றி வேறு மாட்டலாம். அந்தக் கூரையைக் கழற்றினால் அறையே இல்லை.

நான் அதன் கீழே நின்ற நேரத்தில் வேறெதையும் பார்க்கவில்லை.

"என்னங்கப்பா, மேலயே பாத்துட்டு நிக்கறீங்க?" என்றாள் மகள்.

"ரிப்பீட் தேடறேன் சாமி" என்றேன்.

பிரிண்டிங் தொழிலில் இருப்பவர்களுக்கு அது புரியும். ரோட்டரி ஸ்கிரீன் ஓர் உருளை. அதன் சுற்றளவு பெரும்பாலும் 64 சென்டிமீட்டர். எவ்வளவு அழகான டிசைனாக இருந்தாலும் 64 சென்டிமீட்டருக்கு ஒருமுறை அதே பூ, அதே கோடு, அதே பிழை திரும்ப வரும். பத்திக் மாதிரி பிரிண்ட் நாங்களும் அடித்திருக்கிறோம். மெழுகு வெடித்த கோட்டைக்கூட ஸ்கிரீனில் செதுக்கி அடித்துக் கொடுப்போம். பார்க்க அசல் போலவே இருக்கும். அந்த வெடிப்பு அடுத்த முக்கால் மீட்டருக்குள் மறுபடி தலைகாட்டும்போது குட்டு உடைந்துவிடும். பெந்தோட்டைக் கூரையில் ஒரு கட்டத்து வெடிப்பு இன்னொரு கட்டத்தில் இல்லை. மஞ்சளுக்குள் சிவப்பு மயிரிழை போல ஓடிப் பரவியிருந்த கோடுகள் ஒவ்வொன்றும் தனித்தனி.

அந்தக் கோடு எப்படி வருகிறது என்று தெரிந்தால்தான் விலையும் புரியும். வெள்ளைப் பருத்தித் துணியில் எங்கே வெள்ளை நிற்க வேண்டுமோ அங்கே சூடான மெழுகை வரைய வேண்டும். தேன்மெழுகு மட்டும் என்றால் வளைந்து கொடுக்கும், வெடிக்காது. பாரஃபின் கலந்தால் வெடிக்கும். எவ்வளவு கலப்பது என்பது கைப்பக்குவம். பிறகு இளம் நிறத்தில் முக்கி எடுத்து உலர்த்தி, அந்த நிறம் நிற்க வேண்டிய இடத்தை மெழுகால் மூடி, அடுத்த நிறம். வெளிர் மஞ்சளில் தொடங்கி கருநீலத்தில் முடியும்வரை இதேதான். கடைசியில் கொதிநீரில் போட்டு மெழுகு முழுவதையும் எடுப்பார்கள். சாயத் தொட்டி சூடாக இருக்கக் கூடாது, மெழுகு உருகிவிடும். திருப்பூரில் ரீஆக்டிவ் சாயத்தை 60 டிகிரியில் சாஃப்ட் ஃப்ளோ மெஷினில் ஓட்டி ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான கிலோ எடுக்கிறோம். பத்திக்கில் அந்தக் குறுக்கு வழியே கிடையாது. ஆளும் நேரமும்தான் அதன் மூலப்பொருள்.

ஆளுக்கும் நேரத்துக்கும் பணம் கொடுக்காமல் துணியைக் குறைந்த விலைக்குக் கொடுத்தால் என்ன ஆகும் என்பது எங்கள் ஊருக்குத் தெரிந்த மாதிரி வேறு யாருக்கும் தெரியாது. வெள்ளை பனியனோடு இருந்த ஊர் இது. 1978-இல் இத்தாலியிலிருந்து வெரோனா என்ற வியாபாரி டி-சர்ட் தேடி பம்பாய் வழியாகத் திருப்பூர் வந்தார்; ஏற்றுமதி அப்படித்தான் தொடங்கியது என்று பெரியவர்கள் சொல்வார்கள். 1984-இல் சுமார் 10 கோடி ரூபாயாக இருந்த ஏற்றுமதி 2024-25-இல் 40,000 கோடி அளவுக்கு வந்து நிற்கிறது. ஏற்றுமதியோடு கலரும் வந்தது. பையர் சொன்ன விலைக்குக் கலர் கொடுத்தோம். காஸ்டிங் தாளில் எழுதாத மீதியை நொய்யல் ஆறு கொடுத்தது. ஆற்றின் குறுக்கே 1992-இல் பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுக் குட்டையாக மாறியது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது ஊரே நின்றுபோனது. இன்று கழிவுநீரை முழுவதுமாகச் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்துகிறோம். அந்தச் செலவு இப்போதுதான் தாளில் ஏறியிருக்கிறது. ஆகவே விலை அதிகம் என்ற ஒன்றுக்காகவே ஒரு பொருளைத் தள்ளிவிட எனக்கு மனம் வராது. மலிவு என்பதைப் பார்த்தால்தான் எனக்குப் பயம்.

ஏற்றுமதி தொடங்கிய நாட்களில் வெளிநாட்டு பையர்கள் கோயம்புத்தூரில் தங்கி, காலையில் காரில் அவிநாசி ரோட்டில் வந்து, சாம்பிள் பார்த்துவிட்டு மாலையில் திரும்பிவிடுவார்கள். திருப்பூரில் இருந்ததெல்லாம் நூல் வியாபாரிகளும் ஏஜென்டுகளும் தங்கும் லாட்ஜுகள். கட்டில், மின்விசிறி, வாளி. நட்சத்திர ஓட்டல்கள் பிறகுதான் வந்தன. அவற்றில் பளிங்கு உண்டு, கண்ணாடி லிஃப்ட் உண்டு, ஐரோப்பியக் காலை உணவும் உண்டு. ஆனால் நான் போய்வந்த எந்த வரவேற்பறையிலும் இது துணியால் பிழைக்கும் ஊர் என்பதற்கு அடையாளமாக ஒரு முழம் துணி இல்லை.

கூரைக்குத் துணி கட்டுவது நமக்குப் புதிதும் இல்லை. சிலப்பதிகாரத்தில் கோவலன் கண்ணகி திருமணமே நீலத் துணி விதானத்தின் கீழ்தான் நடக்கிறது. தஞ்சை வட்டாரக் கலம்காரிக்காரர்கள் தேருக்குத் தொங்கவிடும் தொம்பையும் கோயில் மண்டபத்துக்கு அஸ்மானகிரியும் எழுதிக் கொடுத்து வந்தவர்கள். அஸ்மானகிரி என்பது சாமிக்கு மேலே விரித்துக் கட்டும் சதுரத் துணி. அண்ணாந்து பார்ப்பதற்கென்றே வரைந்தது. அதே பக்கத்துக் கொடாலிக் கருப்பூரில் மெழுகால் மறைத்துச் சாயமேற்றி, நடுவே சரிகை ஓட்டிய சேலைகளை மராட்டிய அரண்மனைக்காக நெய்தார்கள். அரண்மனை போனதும் சேலையும் போனது. கருப்பூர் கலம்காரிக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீடு கிடைத்தால் போதுமா, வாங்குவதற்கு ஆள் வேண்டாமா?

பெந்தோட்டை அதற்குத்தான் பதில் சொல்கிறது. அரண்மனை இருந்த இடத்தில் அங்கே ஓட்டல் வந்து நின்றது. கொழும்பு லங்கா ஓபராய் ஓட்டலின் உயர்ந்த கூடத்தில் பல மாடி நீளத்துக்கு ஈனாவின் பத்திக் கொடிகள் தொங்கின. காலியில் பாவா கட்டிய லைட்ஹவுஸ் ஓட்டலின் சுழல் படிக்கட்டில், 1630-இல் போர்த்துக்கீசியர் தோற்ற ரந்தெனிவெலச் சண்டையை ஆளுயரச் சிப்பாய்களாக வார்த்து லக்கி சேனநாயக்க ஏற்றி வைத்தார். ஈனா அலுவிகாரைக்குத் திரும்பி, கிராமத்துப் பெண்களைச் சேர்த்து, பத்திக்கும் பூத்தையலும் செய்யும் பட்டறையை நிலைநிறுத்தினார். 2015-இல் அவர் காலமானார். ஓட்டல் ஆர்டர் என்று ஒன்று இல்லாமல் இவ்வளவு பெரிய வேலைகள் நடந்திருக்காது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இன்று பெந்தோட்டையில் தலைக்கு மேலே இருப்பது 1969-இல் கட்டிய துணி அல்ல. இடையில் ஓட்டல் கைமாறி, பல மாற்றங்கள் கண்டு, சில ஆண்டுகளுக்கு முன் பாவாவிடம் பணிபுரிந்த சன்ன தஸ்வத்தவின் மேற்பார்வையில் முழுவதும் புதுப்பிக்கப்பட்டது. அப்போது கூரையும் மறுபடி செய்யப்பட்டது. அப்படியானால் அது நகலா என்று கேட்பவர்கள் உண்டு. சாயக்காரனாக என் பதில் வேறு. உப்புக் காற்றில் எந்த நிறமும் ஐம்பது வருடம் நிற்காது. தேர்ச்சீலை கிழிந்தால் புதிதாகத் தைத்துத்தான் கட்டுகிறோம். அதனால் தேர் பழையது இல்லை என்று யாரும் சொல்வதில்லை. மறுபடி செய்யத் தெரிந்த கை இருக்கிறதா என்பதுதான் கேள்வி. டிஜிட்டல் பிரிண்ட் எடுத்து ஒட்டியிருந்தால் வாடகையில் பாதிகூடப் பெறாது என்று சொல்லியிருப்பேன்.

வாடகை எதற்குப் போகிறது என்பதற்குச் செட்டிநாட்டு வீடுகள் வேறொரு கணக்கு. கானாடுகாத்தானில் மகளுக்காக ஒரு தந்தை கட்டிய விசாலம், காரைக்குடியின் பங்களா போன்றவை ஓட்டலாக மாறியதால் நின்றன. மாறாத எத்தனையோ வீடுகளின் தேக்குத் தூண்கள் காரைக்குடி பழம்பொருள் கடைகளில் விலைக்குக் கிடைக்கின்றன. அங்கே கொடுக்கும் வாடகையில் ஒரு பங்கு வீட்டைக் காக்கிறது.

என் காஸ்டிங் முடிந்த கதை இதுதான்: பெந்தோட்டையில் ஓர் இரவுக்குக் கேட்ட பணம் தகும். இரண்டாவது இரவுக்குத் தகாது. கடலும் சோறும் பக்கத்து விடுதிகளிலும் கிடைக்கும். கலை ஓட்டல் என்று பெயர் போட்ட வேறெந்த இடத்துக்குப் போனாலும் வரவேற்பில் இருப்பவரிடம் இதைச் செய்தவர் யார், எந்த ஊர், இன்னும் செய்கிறாரா என்று கேளுங்கள். பெயர் சொன்னால் பணத்தைக் கொடுங்கள். சொல்லத் தெரியாவிட்டால் சாதாரண அறை வாடகைக்கு மேல் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டியதில்லை.

திருப்பூரில் அடுத்து ஓட்டல் கட்டப்போகும் கம்பெனிக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பளிங்குக்கு ஆர்டர் கொடுக்கும் முன் கருப்பூருக்கு ஒருமுறை போய் வாருங்கள். வரவேற்பறைக் கூரைக்கு அளவு எடுத்துக்கொண்டு போங்கள். அட்வான்ஸும் கையோடு எடுத்துப் போங்கள்.